'சூப்பர் மச்சி'னு சொன்னா போதுமா? வகுப்புத் தோழர்களின் கதைக்குக் கருத்து சொல்வது எப்படி?

'காலேஜ் ஆண்டு மலருக்கு ஒரு கதை எழுதியிருக்கேன். படிச்சுட்டு சொல்லேன்' என்று வகுப்புத் தோழி நோட்டை நீட்டுகிறாள். படிக்கிறீர்கள். கதை சுமார்தான். இப்போ என்ன சொல்வீர்கள்?

நம்மில் பலர் 'சூப்பர்' என்று சொல்லித் தப்பித்துவிடுவோம். சிலர் 'செம போர்' என்று கலாய்ப்போம். இரண்டாலும் அவளுக்குப் பத்துப் பைசா பிரயோஜனம் இல்லை. கலாய்ப்பது இன்னும் மோசம். கேன்டீனில் நாலு பேர் முன்னால் தன் கவிதையை வாசித்துச் சிரித்த நாளோடு எழுதுவதையே விட்டவர்கள் உங்களுக்குத் தெரிந்தே இருப்பார்கள். 'திருவிளையாடல்' (1965) படத்தில் நக்கீரரிடம் மாட்டிக்கொண்ட தருமி நாகேஷைப் பார்த்துச் சிரித்தோமே... அவர் கொண்டுபோனது அவர் எழுதிய பாட்டுகூட இல்லை. சொந்தமாக எழுதியவருக்கு எப்படி இருக்கும்?

நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று தீர்ப்பு சொல்லாதீர்கள். படிக்கும்போது உங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். கதையில் பாட்டி இறந்துபோகிறார். உங்களுக்கு அழுகை வரவில்லை. 'ஃபீலே இல்லை' என்றால் அதை வைத்து அவள் என்ன செய்வாள்? 'பாட்டி செத்தப்போ எனக்கு ஒண்ணுமே தோணலை. அதுவரைக்கும் பாட்டி ஒரு வார்த்தைகூடப் பேசலையே, அதனாலயா இருக்கும்' என்று சொல்லிப் பாருங்கள். அன்று ராத்திரியே அவள் பாட்டியைப் பேசவைக்க உட்கார்ந்துவிடுவாள்.

இதற்குக் கையில் ஒரு பென்சில் போதும். சிரித்த இடம், குழம்பி மறுபடி படித்த இடம், போனை எடுத்துப் பார்க்கத் தோன்றிய இடம் என எல்லாவற்றுக்கும் ஓரத்தில் ஒரு கோடு. பிடித்த இடத்தையும் இதே போலக் குறிப்பாகச் சொல்லுங்கள். ஒற்றுப்பிழையெல்லாம் கடைசியில் பார்க்கலாம். நாளைக்கே தூக்கப்போகிற பத்தியில் 'க்' போட்டு என்ன ஆகப்போகிறது?

'நானா இருந்தா முடிவை இப்படி வெச்சிருப்பேன்' என்று ஆரம்பிப்பவர்களும் உண்டு. அது உங்கள் கதை, தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-ல் உருவாக்கிய விமர்சன முறையில், கருத்து சொல்லும் முன் படைப்பாளியிடம் அனுமதி கேட்க வேண்டும். 'முடிவைப் பத்தி எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?' அவ்வளவுதான். 'இப்போ வேணாம்' என்று அவள் சொன்னால் விட்டுவிடுங்கள்.

சரி, கதை உங்களுடையது என்றால்?

வாயைத் திறக்காதீர்கள். 1936-ல் தொடங்கிய அயோவா பல்கலைக்கழக எழுத்துப் பட்டறையின் பெயரோடு சேர்ந்தே பேசப்படும் வழக்கம் இது: மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் மௌனமாக இருக்க வேண்டும். ரொம்பக் கஷ்டம். 'இல்லடா, அங்க நான் என்ன நினைச்சேன்னா...' என்று நாக்கு துடிக்கும். ஆனால் ஆண்டு மலரைப் படிப்பவர் பக்கத்தில் நின்று நீங்கள் விளக்க முடியாதே! சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டு இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். கோபம் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் ஏற்கவும் வேண்டாம். நெல்லைப் பையன் கதையில் 'மைனி' என்று எழுதியிருப்பான். சென்னைத் தோழன் அங்கே முழித்து, 'அண்ணினு மாத்திடு' என்பான். அவன் முழித்தது உண்மை. சொன்ன வைத்தியம்தான் தப்பு. அண்ணன் பெண்டாட்டி என்று புரிகிற மாதிரி முன்னால் ஒரு வரி சேர்த்தால் போதும், 'மைனி' அங்கேயே இருக்கட்டும். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் மட்டும் ரோஷம் பார்க்காமல் அந்தப் பத்தியைத் திறந்துவிடுங்கள்.

திருத்தியதை முதலில் படித்தவரிடமே காட்டுங்கள், அவருக்கும் ஆவலாக இருக்கும். கூடவே, கதையே தெரியாத ஒரு புது ஆளிடமும் கொடுங்கள். முன்பே படித்தவர் விட்டுப்போனதையெல்லாம் தானாகவே நிரப்பிக்கொண்டு படித்துவிடுவார்.