மேடையில் பிறந்த இசைத்தட்டு

இசைத்தட்டுகள் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலேயே உருவாகின்றன. அங்குப் பிழை நேர்ந்தால் மீண்டும் வாசித்துத் திருத்திக்கொள்ளலாம். அவையோர் முன்னிலையில் பதியப்படும் தட்டுக்கு அவ்வசதி குறைவு. ஆதலால் மேலைநாட்டு ராக் குழுக்கள் பல, கூடத்தில் செய்த தட்டுகளால் பெயர் பெற்ற பின்னரே மேடைப் பதிவை வெளியிடத் துணிகின்றன. முதல் தட்டையே மேடையில் பதிந்த குழு ஒன்றுண்டு. அதன் பெயர் 'சக்தி'.

அதனைத் தோற்றுவித்த ஜான் மெக்லாஃப்லின் ஆங்கிலேயர். மின்கித்தாரும் பேரோசையுமாக 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் குழுவை நடத்திப் புகழ் ஈட்டியவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் அவர் வீணை பயின்றார். இந்த இராமநாதன் யாரெனின், சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அறிஞர். மெக்லாஃப்லினின் தென்னாட்டு இசைக் கல்விக்குப் பின்னே இளங்கோவடிகளைக் கற்ற ஓர் ஆசான் நின்றார் என்பது தமிழாசிரியர் மாணவர்க்கு எடுத்துரைக்கத்தக்க செய்தியன்றோ!

வயலின் வாசித்த எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்தவர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் அவர் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. கடம் வாசித்தவர் விநாயகராம். 1966இல் எம். எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் அவையில் பாடியபோது உடன் வாசித்தவர் அவரே. மிருதங்கம் இராமநாதபுரம் வி. இராகவன், தபேலா ஜாகிர் உசேன்.

1975 ஜூலை 5ஆம் நாள், நியூயார்க் மாநிலத்து சவுதாம்டன் கல்லூரியில் இவ்வைவரும் வாசித்தனர். அது 1976இல் கொலம்பியா நிறுவனத்தின் தட்டாக வெளிவந்தது. உருப்படிகள் மூன்றே. முதலாவது பதினெட்டு நிமிடம். இறுதியானது ஏறத்தாழ இருபத்தொன்பது நிமிடம், தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் கொண்டது. வானொலியில் ஒலிபரப்பும் அளவில் அமைந்த இசையன்று அது. கற்பனைச் சுரமும் தாளவாத்தியக் கோர்வையும் அவையின் ஊக்கத்தால் வளர்வன. ஜொகூர்க் கோயில் திருவிழாவில் தவிலின் தனிமுழக்கம் கேட்டோர் இதனை நன்குணர்வர். கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்து வாசித்திருந்தால் அவை அங்ஙனம் விரிந்திரா.

மின்னிசையை எதிர்பார்த்த ரசிகர் பலர் இம்மாற்றத்தைக் கண்டு திகைத்தனர். கமகம் பிடிக்க ஏதுவாக விரற்பலகை குடையப்பட்டு, குறுக்கே சுருதித் தந்திகள் பூட்டப்பட்ட மின்சாரமில்லாக் கித்தாரையே சக்திக்கென அவர் கொண்டார்.

நம் கச்சேரி மேடையில் கடம் உபபக்கவாத்தியம்; மிருதங்கம் விட்ட இடத்தில் தொடுவது அதன் நிலை. இங்கோ அது கித்தாரோடு நேர்நின்று உரையாடுகிறது. மண்பானைக்கு இத்தகு நிலை வாய்த்தது பெரிது. எனினும் தட்டின் தலைப்பில் சக்தியோடு இடம்பெற்ற பெயர் மெக்லாஃப்லினுடையது மட்டுமே. வணிகர் கணக்கு அது. செவியின் கணக்கு வேறு.

இராகவன் பின்னர் விலக, எஞ்சிய நால்வரும் 1976, 1977ஆம் ஆண்டுகளில் மேலும் இரு தட்டுகளை வெளியிட்டுப் பிரிந்தனர். 1997இல் குழு மீண்டும் கூடியது. விநாயகராமின் இடத்தில் பின்னாளில் அவர் மகன் செல்வகணேஷ் அமர்ந்தார்.