வயலட் மெக்கன்சி

புளோரன்ஸ் வயலட் மெக்கன்சி (28 செப்டம்பர் 1890 – 23 மே 1982) ஆஸ்திரேலியாவின் முதல் பெண் மின்பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டுப் படைகளின் கம்பியில்லாத் தந்தி அறுபடாமல் ஓட ஆயிரக்கணக்கானோரைப் பழக்கிவிட்டவர். மாணவர்களுக்கு அவர் ‘மிசஸ் மேக்’.

அவர் பணியாற்றிய சிட்னி எங்கே, மலேசியாவின் கெடா மாநிலம் எங்கே என்று தோன்றலாம். கெடாவிலுள்ள சுங்கை பட்டாணியின் விமானத்தளத்தில் 1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது, அங்கே ஆஸ்திரேலிய விமானப்படையின் 21ஆம் அணி நின்றிருந்தது. சில நாளில் அதே கெடாவின் ஜித்ராவில் சண்டை. விடாத மழையில் பதுங்குகுழிகள் நிரம்பின, தொலைபேசிக் கம்பிகள் பழுதாயின, முன்னணியில் நடப்பது பின்னால் இருந்தவர்களுக்கு உரிய நேரத்தில் எட்டவில்லை. செய்தி அறுந்தால் ஒரு படை என்ன ஆகும் என்பதற்குக் கெடா மண்ணே சாட்சி. அந்த ஆபத்தைப் போருக்கு முன்பே உணர்ந்து வேலையில் இறங்கியவர் மெக்கன்சி.

மெல்பர்னில் பிறந்த அவர் நியூ சவுத் வேல்ஸின் ஆஸ்டின்மெர் என்ற கடலோர ஊரில் வளர்ந்தார். இருட்டு அலமாரிக்குள் அம்மா சாமான் தேடித் தடுமாறுவதைப் பார்த்த சிறுமி, ஒரு பேட்டரியையும் சுவிட்சையும் பொருத்தி, கதவைத் திறந்ததும் விளக்கு எரியும்படி செய்துவிட்டாள்.

சிட்னி தொழில்நுட்பக் கல்லூரியில் மின்பொறியியல் படிக்கப் போனபோது, மின்சாரத் தொழிலில் வேலை பார்ப்பவருக்கே இடம் என்றார்கள். பெண்ணுக்கு அந்த வேலையை யார் தருவது? அவர் யாரையும் கேட்கவில்லை. தானே ஒப்பந்ததாரர் ஆனார். பெயரட்டை அச்சடித்து, ஒரு வீட்டுக்கு வயரிங் செய்யும் வேலையைப் பிடித்து, அந்த ஒப்பந்தத்தைக் கல்லூரியில் கொண்டுபோய்க் காட்டினார். இடம் கிடைத்தது; 1923இல் டிப்ளோமாவும் வந்தது. அதற்குள் சிட்னி ராயல் ஆர்க்கேடில் ஒரு வானொலிக் கடை வைத்திருந்தார். நாட்டிலேயே முதன்முதலாக அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற பெண்ணும் அவர்தான். ‘வயர்லெஸ் வீக்லி’ என்ற இதழை 1922இல் தொடங்கியவர்களில் ஒருவர். இத்தனை பெருமைக்கும் நடுவில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: மோர்ஸ் தந்திமொழியை அவருக்கு அறிமுகம் செய்தவர்கள் அந்தக் கடைக்கு வந்த பள்ளிச் சிறுவர்கள்.

மோர்ஸ் என்பது குறிலும் நெடிலும்போல. புள்ளிக்கு ஒரு மாத்திரை என்றால் கோட்டுக்கு மூன்று மாத்திரை. புள்ளிகளை எண்ணி எண்ணி எழுதுகிறவரால் வேகமாக வரும் செய்தியைப் பிடிக்க முடியாது. மிருதங்கச் சொற்கட்டைக் காது பிடிப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தின் தாளமும் காதில் ஊற வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். போர் வந்த பிறகு தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

அதனால்தான் 1939இலேயே பெண்கள் அவசரச் சமிக்ஞைப் படையை நிறுவினார். போர் மூண்டபோது, பிறருக்குக் கற்றுத்தரும் அளவுக்குத் தேர்ந்த பெண்கள் 120 பேர் அவரிடம் இருந்தார்கள். விமானப்படையில் சேர விரும்பிய ஆண்கள் சிட்னி கிளாரன்ஸ் தெருவில் இருந்த அவருடைய மோர்ஸ் பயிற்சிப் பள்ளிக்குத் திரண்டு வந்தார்கள். அவர்களுக்கு ஆசிரியர்கள் இந்தப் பெண்கள்தான். எவரிடமும் அவர் ஒரு காசு கட்டணம் வாங்கவில்லை.

கடற்படையோ பெண்களைச் சேர்க்கத் தயங்கியது. அமைச்சர் வில்லியம் ஹியூஸுக்கு மெக்கன்சி எழுதிய கடிதத்தால் பலன் இல்லை. 1941 ஜனவரியில் கமாண்டர் ஜாக் நியூமன் நேரில் வந்து பெண்களைச் சோதித்துப் பார்த்தார்; அவர்களுடைய திறமையைக் கண்டு பரிந்துரை செய்தார். ஏப்ரல் 28ஆம் தேதி 12 தந்தியாளர்களும் சமையலுக்கு இருவருமாக 14 பெண்களைக் கான்பரா அருகே ஹார்மன் வானொலி நிலையத்துக்கு மெக்கன்சியே அழைத்துச் சென்றார். விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பது கடற்படை போட்ட நிபந்தனை. திறமையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதைச் சொல்ல வெட்கப்பட்டது அநியாயம்தான். அந்த 14 பேரிலிருந்து வளர்ந்த கடற்படைப் பெண்கள் பிரிவில் பின்னாளில் சுமார் 2,600 பேர் சேவை செய்தார்கள்.

விமானப்படையின் பெண்கள் துணைப்பிரிவு 1941இல் அவருக்குக் கௌரவ அதிகாரிப் பதவி அளித்தது. போர்க்காலத்தில் சுமார் 3,000 பெண்களும் 12,000 ஆண்களும் அவருடைய பள்ளியில் தேறினார்கள். போர் முடிந்த பின்பும் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கும் விமானிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். 1950இல் பிரிட்டிஷ் பேரரசின் ஓ.பி.இ. விருது பெற்றார்.

கடற்படையின் பெண்கள் பிரிவு கலைக்கப்பட்டு, பெண்கள் கடற்படையிலேயே முழுமையாகச் சேர்க்கப்பட்டது 1985இல். அப்போது மெக்கன்சி இறந்து மூன்றாண்டு ஆகியிருந்தது.