விட்ட இடத்தின் குறி: தரவு கனெக்டர்களின் வரலாறு, திருப்பூரிலிருந்து ஒரு பார்வை

திருப்பூர் நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் மெஷின் தானே நின்றுவிடும், விளக்கு எரியும். ஆள் வந்து முடிச்சுப் போட்டு ஓட்டினால், நின்ற சுற்றிலிருந்து கவுண்டர் மேலே எண்ணும். ரோல் இறங்கியதும் துணியின் ஓரத்திலேயே லாட் எண், ரோல் எண், எடை ஆகியவற்றை மார்க்கரால் எழுதுவார்கள். பிறகு சாயப்பட்டறை, காம்பேக்டிங், கட்டிங், தையல், செக்கிங் என ஊர் முழுக்க அது அலையும். கூடவே டெலிவரி சலானும் போகும். வேலை எதுவரை ஆயிற்று என்பதற்கு இங்கே இரண்டு சாட்சிகள்: துணிமேல் ஒரு குறி, நோட்டில் ஒரு குறி. ஒரு தரவுத்தளத்தின் மாற்றங்களை உடனுக்குடன் வேறிடத்துக்குக் கொண்டுசேர்க்கும் கனெக்டர்களின் வரலாறும், இந்த இரு குறிகளும் பிரிந்து மறுபடி சேர்ந்த கதைதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் இரண்டும் ஒரே கணினிக்குள் இருந்தன. தரவைத் தொடும் முன் மாற்றத்தை ‘லாக்’ என்ற பதிவேட்டில் எழுதிவிட வேண்டும் என்ற விதியை கணினி அறிஞர் ஜிம் கிரே 1978-இல் எழுதிய குறிப்புகளிலேயே காணலாம். அதை முழுமையான மீட்பு முறையாக்கியது 1992-இல் வெளியான ஏரீஸ் ஆய்வுரை. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன் தமிழ்நாட்டில் பிறந்தவர், சென்னை ஐஐடியில் படிப்பை முடித்து 1977-இல் அமெரிக்கா சென்றவர், ஐபிஎம் ஆய்வாளராக இருந்தவர். ஏரீஸில் லாகின் ஒவ்வொரு வரிக்கும் ஏறுமுகமான ஓர் எண் உண்டு. தரவுப் பக்கமும், தன்மேல் கடைசியாக நடந்த மாற்றத்தின் எண்ணைத் தானே சுமக்கும். மின்சாரம் போய் வந்தபின் லாகை வாசித்துக்கொண்டே போகும்போது, பக்கத்தின் எண் லாக் வரியின் எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் அந்த வேலை ஏற்கெனவே முடிந்தது என்று பொருள், தாண்டிப் போகலாம். நோட்டையும் துணி ஓரத்தையும் ஒத்துப் பார்ப்பது போன்ற எளிய யோசனை. இதன் அருமை அது இல்லாமல் போன பிறகுதான் தெரிந்தது.

லிங்க்ட்இன் 2011-இல் வெளியிட்ட காஃப்கா என்ற தரவோட்ட அமைப்பில் குறி சரக்கைவிட்டு விலகியது. எதுவரை வாசித்தோம் என்பதை வாசிப்பவரே ‘ஆஃப்செட்’ என்ற எண்ணாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வேகத்துக்கு இது நல்லது. 2015 இறுதியில் வந்த 0.9 பதிப்பில், கனெக்டர்களை ஓட்டும் காஃப்கா கனெக்ட் சேர்ந்தது. அதன்மேல் ரெட் ஹாட்டின் டெபீசியம் என்ற கனெக்டர் எழுந்தது. மைஸ்க்யூஎல் தரவுத்தளத்திலிருந்து வாசிக்கும்போது அது லாக் கோப்பின் பெயரையும் கோப்புக்குள் இருக்கும் இடத்தையும் குறித்துக்கொள்கிறது. ஆனால் மாற்றங்கள் உடனுக்குடன் போகின்றன. குறியோ, அமைப்பை யாரும் மாற்றாதவரை, 60 நொடிக்கு ஒருமுறைதான் எழுதப்படுகிறது. இடையில் கரண்ட் போனால் சரக்கு சேர்ந்திருக்கும், நோட்டில் வரவு இருக்காது. எழுந்த கனெக்டர் பழைய குறியிலிருந்து தொடங்கி, அனுப்பியதையே திரும்ப அனுப்பும். குறியை முன்கூட்டியே எழுதிவிட்டால்? அப்போது சரக்கு போகாமலே போனதாகக் கணக்காகிவிடும். இழப்பைவிட இரட்டிப்பு மேல் என்று வடிவமைத்தவர்கள் முடிவெடுத்தது சரியே. ஆனால் அந்தச் சுமை வாங்குபவர் தலையில் விழுந்தது. 40 ரோல் உள்ளே வந்த செய்தி பனியன் கம்பெனியின் கணக்கில் இருமுறை விழுவதாக வைத்துக்கொள்வோம். ரோல் எண்ணை அடையாளமாகக் கொண்ட பட்டியலில் இரண்டாவது வரவு முதலாவதன்மேலேயே படியும், கேடில்லை. மொத்த இருப்பைக் கூட்டிக்கொண்டே போகும் கட்டத்தில் 40, 80 ஆகிவிடும்.

நீண்ட நிறுத்தம் வேறு சிக்கல். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 9.4 பதிப்பில், 2014-இல், ‘ஸ்லாட்’ என்ற ஏற்பாடு வந்தது: கனெக்டர் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சொல்லும்வரை தரவுத்தளம் லாகை அழிக்காது. கனெக்டர் வாரக்கணக்கில் படுத்துவிட்டால் லாக் குவிந்து வட்டு நிரம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளமே நின்றுபோகும். இதற்கு வரம்பு போடும் வசதி 2020-இல், 13-ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. மைஸ்க்யூஎல் அப்படிக் காத்திருப்பதில்லை, 8.0 பதிப்பில் இயல்பாக 30 நாளில் லாகைக் கழித்துவிடும். ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு அதை, அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொள்கிறதே, அந்தக் கறார் இதிலும் உண்டு. தாமதமாக எழும் கனெக்டரின் கையில் குறி இருக்கும். குறி சுட்டும் பக்கம் இருக்காது. முழு அட்டவணையையும் மறுபடி வாசிக்க வேண்டியதுதான், ஸ்டாக் எடுப்பதுபோல.

பிரிந்த குறிகளைச் சேர்க்கும் முயற்சி 2017-இல் காஃப்கா 0.11 பதிப்பின் பரிவர்த்தனைகளோடு தொடங்கியது. 2022-இன் 3.3 பதிப்பில் மூலத்திலிருந்து வாசிக்கும் கனெக்டர்களுக்கும் அது வாய்த்தது: தரவும் ஆஃப்செட்டும் ஒரே பரிவர்த்தனையில் எழுதப்படும், சேர்ந்தால் இரண்டும் சேரும், இல்லையேல் இரண்டும் இல்லை. ஆனால் இந்த உறுதி காஃப்காவின் வாசலோடு சரி. அங்கிருந்து வேறொரு தரவுத்தளத்துக்குள் சரக்கு இறங்கும்போது, எந்த ஆஃப்செட் வரை வந்தது என்பதை அந்தத் தரவுத்தளத்திலேயே, சரக்கை எழுதும் அதே பரிவர்த்தனையில் எழுதிவைக்கிறார்கள். மறுமுறை எழும்போது கனெக்டர் முதலில் அதைத்தான் பார்க்கிறது.