ஆறு நாளில் ஐந்து ஆட்டம்: சுவானி கல்லூரி அணியின் 1899ஆம் ஆண்டுப் பருவம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கம்பர்லாண்டு மேட்டுநிலத்தின் மேலுள்ள சுவானி என்னும் சிற்றூரின் கல்லூரி அணி, 1899ஆம் ஆண்டில் 12 கால்பந்து ஆட்டங்களில் இறங்கிப் பன்னிரண்டையும் வென்றது. 322 புள்ளிகள் குவித்த அவ்வணி, பருவம் முழுவதிலும் எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தவை பத்தே. தென்னகப் பல்கலைக்கழகம் என்னும் முறையான பெயரைக் கொண்ட அக்கல்லூரியை எபிஸ்கோப்பல் திருச்சபையினர் 1857இல் தோற்றுவித்திருந்தனர். அப்பருவம் இன்றளவும் உடல்வலிமையின் சாதனையாகவே போற்றப்படுகிறது. ஆயினும் அதற்கு வித்திட்டது பணத்தகராறு ஒன்று என்பதை மறந்துவிடலாகாது.

இங்குக் கால்பந்து என்பது, நீள்உருண்டைப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரின் தடுப்பை உடைத்து முன்னேறும் அமெரிக்க ஆட்டத்தைக் குறிக்கும். பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பதாகிய டச்டவுனுக்கு அந்நாளில் ஐந்து புள்ளிகள். மூன்று முயற்சிகளுக்குள் ஐந்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணியின் கைக்குப் போய்விடும். பந்தை முன்னோக்கி எறிவது 1906 வரை விதிக்குப் புறம்பானதாக இருந்தமையால், ஆட்டம் பெரும்பாலும் நெருக்கியடித்து மோதும் கைகலப்பாகவே நடந்தது. தாக்குவோரும் தடுப்போரும் அதே பதினொருவர்தாம். களத்தைவிட்டு வெளியேறியவர் மீண்டும் உள்ளே வர இயலாது என்பதால், காயம்பட்டவர் கட்டுப்போட்டுக்கொண்டு ஆடுவதே வழக்கம்.

ஆண்டுதோறும் நல்ல வசூல் தந்த போட்டி, நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துடன் நடப்பதாகும். நுழைவுக்கட்டணத்தைப் பங்கிடுவதில் எழுந்த பூசலால் அவ்வாண்டு அது நின்றுபோகவே, ஈடுசெய்யும் வழியை மாணவரே ஆன அணி மேலாளர் லூக் லீ தேடினார். பின்னாளில் அமெரிக்க மேலவை உறுப்பினரான அவர், தொலைவிலுள்ள ஐந்து கல்லூரிகளுடன் அடுத்தடுத்து ஆட்டங்களை ஏற்பாடு செய்தார். ஒரே பயணத்தில் பல நுழைவு வசூல்களைத் திரட்டலாம் என்னும் இக்கணக்கைச் சாத்தியமாக்கியது, தென்மாநில நகரங்களை அதற்குள் இணைத்துவிட்டிருந்த இருப்புப்பாதையே.

நவம்பர் 9 வியாழனன்று ஆஸ்டினில் டெக்சாஸ் அணியை 12-0 எனவும், மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்டு எம் அணியை 10-0 எனவும், சனியன்று நியூ ஆர்லியன்சில் துலேன் அணியை 23-0 எனவும் சுவானி வென்றது. ஞாயிறு ஓய்வுக்குப்பின், திங்களன்று பேட்டன் ரூஜில் லூயிசியானா மாநில அணி 34-0 எனவும், செவ்வாயன்று மெம்பிசில் மிசிசிப்பி அணி 12-0 எனவும் தோற்றன. முதல் ஆட்டத்திலேயே தலையில் காயமுற்ற தலைவர் சீபல்ஸ் கட்டோடு ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஏனையோரும் பகலில் மோதி, இரவில் ரயில் படுக்கையில் நோவாற்றிக்கொண்டனர். வெளியூர்த் தண்ணீர் வயிற்றைக் கெடுக்கும் என்று அஞ்சிச் சொந்த ஊர் ஊற்றுநீரைப் பீப்பாயில் ஏற்றிச் சென்றதாகவும் கூறுவர்.

ஐந்து வெற்றிகளின் புகழில் மறைந்துபோன உண்மையான சோதனை, மான்ட்காமரியில் நன்றியறிதல் நாளன்று ஆபர்ன் அணியுடன் நடந்த ஆட்டமாகும். ஜான் ஹைஸ்மன் பயிற்றுவித்த அவ்வணி மட்டுமே சுவானிக்கு எதிராகப் புள்ளி பெற்றது. ஒரே புள்ளியில், 11-10 என, சுவானி தப்பியது. இரண்டு நாள் கழித்து அட்லாண்டாவில் வடகரோலினா அணியை 5-0 என வென்று பருவத்தை முடித்தது.

கட்டண வசூலே கல்லூரி ஆட்டங்களின் உயிர்நாடியாக வளர்ந்தபின், மலைமேலுள்ள அச்சிறு கல்லூரியால் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1932இல் தென்கிழக்குக் கல்லூரிக் கூட்டமைப்பின் தொடக்க உறுப்பினராகச் சேர்ந்த சுவானி, அக்கூட்டமைப்பின் ஆட்டம் ஒன்றையேனும் வெல்லாமலே 1940இல் விலகிக்கொண்டது.