‘வேர் தேடல்’ பிறந்த கதை

மயிலாப்பூர் கபாலி கோவிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினால் குருக்கள் கேட்பது பெயரும் நட்சத்திரமும். பெயரைச் சொல்லிவிடலாம். நட்சத்திரத்துக்கு எங்கே போவது? மெட்ராஸில் பிறந்து, கைக்குழந்தையாகவே ஐரோப்பாவுக்குத் தத்துப்போய், நாற்பது ஐம்பது வயதில் திரும்பி வருகிறவர்களுக்கு அங்கேயே இடறும். முகமும் நிறமும் நம்முடையவை. ஆட்டோக்காரர் பேச்சுக் கொடுத்தால்தான் விழிப்பார்கள்.

அவர்கள் கையில் இருப்பது ஒரு மெல்லிய கோப்பு. பாஸ்போர்ட் அளவில் ஒரு படம், நீதிமன்ற உத்தரவின் நகல், ஒரு பிறந்த தேதி. கண்டெடுத்த குழந்தை என்றால் அந்தத் தேதி, பல்லையும் எடையையும் பார்த்து மருத்துவர் போட்ட கணக்கு. பெயர் குழந்தைகள் இல்லத்தில் வைத்தது.

அந்த உத்தரவும் பெரும்பாலும் தத்து உத்தரவு அல்ல. 1956ஆம் ஆண்டுத் தத்துச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டுமே. அதனால் வெளிநாட்டுத் தம்பதிகள் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தில் காப்பாளர்களாகி, குழந்தையைக் கொண்டுபோய், அவர்கள் ஊர்ச் சட்டப்படி தத்தெடுத்தார்கள்.

இதில் நடந்த முறைகேடுகளைப் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே மனுவானது. 1984 பிப்ரவரி 6 அன்று நீதிபதி பி.என்.பகவதி தந்த தீர்ப்பில்தான் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறை வந்தது. வேரைப் பற்றியும் அதில் ஒரு பேச்சு உண்டு: பிள்ளை வளர்ந்து பக்குவப்பட்ட பின் பெற்றவர்களைப் பற்றி அறிய விரும்பினால் சொல்வதில் பெரிய ஆட்சேபம் இல்லை. ஆனால் சொல்வதும் சொல்லாததும் வளர்த்தவர்கள் விருப்பம். வேர் தேடல் இங்கே உரிமையாக இல்லை, சலுகையாகத்தான் பிறந்தது.

ஆஸ்திரேலியாவில் இந்தத் தேடல் பிறந்த கதை வேறு. பூர்வகுடிக் குழந்தைகளை அரசே பறித்து வெள்ளையர் வீடுகளிலும் விடுதிகளிலும் வளர்த்தது. அப்படிப் பறிபோனவர்களைக் குடும்பத்தோடு சேர்க்க 1980இல் ‘லிங்க்-அப்’ அமைப்பைத் தொடங்கிய இருவரில் கோரல் எட்வர்ட்ஸ் தானே அப்படிப் பிரிக்கப்பட்டவர். அங்கே தேடியவர்களே வழியையும் போட்டார்கள்.

நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை, குழந்தையின் பிறப்பு விவரங்களைப் பாதுகாக்கச் சொன்னது. இந்தியா 2003இல் அதை ஏற்றது. 2017ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில் ‘வேர் தேடல்’ என்றே தனிப் பிரிவு இருந்தது. பதினெட்டு வயதானவர் தானே விண்ணப்பிக்கலாம். அவருக்காக மூன்றாமவர் தேட அனுமதி இல்லை. மொழியும் ஊரும் தெரியாதவரிடம் இப்படிச் சொல்வது கொஞ்சம் கொடுமைதான். ஒப்படைத்தபோதே தன்னை வெளிக்காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தாயாக இருந்தால், அவள் சம்மதமும் வேண்டும். இது நியாயம். கல்யாணமாகாமல் பெற்று, யாருக்கும் சொல்லாமல், பிறகு வேறு குடும்பமாகி வாழ்பவளின் வாசலில் திடீரென்று போய் நின்றால் அவள் கதி என்ன?

சட்டம் கதவைத் திறந்தாலும் தாயின் பெயரோ ஊரோ எழுதிய ஒரு வரி எங்காவது இருக்க வேண்டும். தி.நகரிலோ அடையாறிலோ, மூடிப்போன பழைய இல்லம் ஒன்றின் அலமாரிச் சாவி உங்களிடம் இருந்தால் ஒரு வேண்டுகோள்: அந்தச் சேர்க்கைப் பதிவேட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.