குளம்பு பார்த்த கைகள்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகள் படும் பாட்டை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஹோர்முஸ், கீஷ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் காயல் துறைக்கு வந்து இறங்கின. அரசர் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்கினார். அவருடைய சகோதரர்களும் அதே அளவு வாங்கினார்கள். ஆண்டு முடிவில் 100 குதிரைகூட மிஞ்சவில்லை என்கிறார் அவர். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை. குதிரை விற்கும் வணிகர்கள் அப்படிப்பட்டவர்களைத் தாங்களும் அழைத்து வருவதில்லை, மற்றவர்கள் அழைத்து வரவும் விடுவதில்லை. பழைய குதிரை செத்தால்தானே புதிய குதிரை விற்கும்!

ஏறக்குறைய அதே காலத்தைப் பற்றி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், ஒரு குதிரைக்குச் செம்பொன் 220 தினார் விலை என்று குறிக்கிறார். வந்த குதிரைகளுக்கு வறுத்த பார்லியும் நெய்யில் வேகவைத்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம். லாயத்தில் முளையடித்துக் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்த பிறகு, பழக்காமலேயே ஏறி விரட்டினார்களாம்.

கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். இந்த இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு அந்தக் குதிரைகளின் கால்கள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. ஓடிப் பழகிய பிராணியைக் கட்டிப்போட்டு நெய்யும் தானியமும் ஊட்டினால் குளம்புக்குள் அழற்சி வரும். நிற்கவே முடியாமல் போகும். குளம்பைச் சீவிச் சரிசெய்யத் தெரிந்த ஆளும் இல்லையென்றால் கதை முடிந்தது. பொன் கொடுத்து வாங்கிய குதிரைகளைத் தமிழ்நாட்டில் நோய் மட்டுமா கொன்றது? பார்த்துக்கொள்ளத் தெரிந்த கை இல்லாததும் சேர்ந்துதான் கொன்றது என்பது என் முடிவு.

அரசர்களுக்குக் குதிரை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மாணிக்கவாசகர் கதையே சாட்சி. குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்த அமைச்சருக்காக, நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்தார் சிவபெருமான் என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம், நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாஸ்திரத்தைச் சுவடியிலிருந்து எடுத்து 1952-ல் அச்சிட்டது. சுழி, நிறம், நடை, நோய் என்று ஏட்டில் இல்லாதது இல்லை. ஆனால் ஏட்டுப் படிப்பு லாயத்தில் வேலை செய்தவனின் கைக்கு வந்து சேர்ந்ததா என்பது வேறு விஷயம்.

அந்தக் கைப்பழக்கம் ஊர் ஊராகப் பரவியது ஆங்கிலேயர் காலத்தில்தான். கும்பினிப் படைக்காக ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824-ல் குதிரைப் பண்ணை தொடங்கினார்கள். அதுதான் பிற்பாடு கால்நடைப் பண்ணையாக மாறியது. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் சென்னைக்குக் குதிரைகள் வந்தன. படை இருந்த இடத்தில் லாயக்காரர்களும் சேணம் தைப்பவர்களும் லாடம் அடிப்பவர்களும் இருந்தார்கள். பிறகு ரயில் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-ல் தண்டவாளம் போட்டார்கள். ரயிலை விட்டு இறங்கியவரை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வண்டி வேண்டுமே! ஸ்டேஷன் வாசல்தோறும் ஜட்கா நின்றது இப்படித்தான்.

என் தாத்தா தஞ்சாவூர் ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டினார். வண்டிக்குப் பூட்டியது பெரிய ஜாதிக் குதிரை அல்ல, நாட்டு மட்டக்குதிரை. வளைந்த கூண்டு, உள்ளே வைக்கோல் பரப்பி மேலே ஒரு சாக்கு, பின்பக்கமாக ஏற ஒரு படி. இரண்டு சக்கர வண்டி ஆனதால் பாரம் சரியாக உட்கார வேண்டும். பின்னால் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கிக் குதிரையின் வயிற்றுப் பட்டையை இழுக்கும்; முன்னால் கூடினால் முதுகை அழுத்தும். "கொஞ்சம் முன்னே தள்ளி உக்காருங்க சாமி" என்று அவர் சொல்லாத சவாரி கிடையாது. பயணிகளின் வசதிக்காகச் சொல்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அவர் சொன்னது குதிரையின் முதுகுக்காக.

விடியுமுன் எழுந்து வைக்கோல் பிரிமணையால் குதிரையின் உடம்பைத் தேய்த்துவிடுவார். பட்டை படும் இடங்களில் மட்டும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். அங்கே சூடு தட்டினால் அன்றைக்கு வண்டி கிடையாது. ஓடி வந்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்ட மாட்டார். நடக்கவிட்டு மூச்சு அடங்கிய பிறகுதான் தொட்டிக்குக் கொண்டுபோவார். புல்லுக்கட்டுக்காரப் பெண்கள் கொண்டுவரும் அருகம்புல்லைத் தட்டி மண் உதிர்த்துப் போடுவார். கொள்ளு வேகவைத்துத்தான். நான் பக்கத்தில் நின்றால், "பாப்பா, கால முதல்ல பாரு, அப்புறம் மூஞ்சியப் பாரு" என்பார்.

மாதம் ஒருமுறை லாடக்கார பாய் வருவார். மாட்டுக்கு லாடம் அடிக்கக் காலைக் கட்டிப் படுக்க வைப்பார்கள், குதிரைக்கு நின்றபடியே. பாய் குதிரையின் பக்கவாட்டில் பின்புறம் பார்த்து நின்று, காலை மடக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொள்வார். பழைய லாடத்தைக் குறடால் நெம்பி எடுத்து, வளர்ந்த குளம்பைச் சீவி, அரத்தால் ராவி, புதிய லாடத்தை வைத்துப் பார்த்துத் தட்டி வளைத்துச் சரிசெய்வார். ஆணி அடிக்கும்போது சத்தத்தைக் கவனிப்பார். உணர்ச்சியில்லாத வெளித்தோட்டில் இறங்கும் ஆணிக்கு ஒரு சத்தம், சதைப்பக்கம் சாயும் ஆணிக்கு வேறு சத்தம். சந்தேகம் வந்தால் உடனே பிடுங்கிவிடுவார். கால்நடைத் துறைக்கு வருவதற்கு முன்பே நான் கற்ற முதல் பாடம் அந்தச் சத்தம்.

எல்லா ஜட்காக்காரர்களும் தாத்தா மாதிரி இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். தோளில் புண்ணோடு ஓடிய குதிரைகளை, முள் வைத்த கடிவாளத்தை, எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு மேடேறிய வண்டிகளை அந்தக் காலத்தவர் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வண்டிக்காரனுக்கு அன்றைய கூலி கிடைத்தால்தான் அவன் வீட்டிலும் உலை கொதிக்கும், குதிரைக்கும் கொள்ளு வேகும். அந்த நெருக்கடியில் முதலில் அடிபட்டது குதிரைதான்.

பிராணிவதைத் தடைச் சட்டம் 1890-லேயே வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு மாநிலங்களவை உறுப்பினரான ருக்மிணி தேவி அருண்டேல் அதைவிட வலுவான சட்டம் கேட்டுத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார்; அரசே சட்டம் செய்யும் என்று நேரு உறுதி சொன்ன பிறகு திரும்பப் பெற்றார். 1960-ல் புதிய சட்டம் நிறைவேறியது. 1962-ல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே தலைவர். 1965-ல் வந்த பாரவண்டி விலங்குகளுக்கான விதிகளைப் படித்துப் பாருங்கள், ஜட்கா ஸ்டாண்டில் நின்று எழுதியது போலவே இருக்கும். ஓட்டுநரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் நீங்கலாக நாலு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது. நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஓய்வு தராமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் பகல் 12 முதல் 3 வரை வண்டி பூட்டக்கூடாது. முள் கடிவாளம் அறவே கூடாது. மட்டக்குதிரையின் முதுகில் பொதி ஏற்றினால் 70 கிலோவுக்கு மேல் போகக்கூடாது.

இந்த விதிகள் நடைமுறைக்கு வந்து வேரூன்றுவதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் இருந்த ஜட்காக்கள் ஒன்றிரண்டாகக் குறைந்து, பிறகு இல்லாமலே போயின. பழனி அடிவாரம் போன்ற சில இடங்களில் மட்டும் இன்னும் ஓடுகின்றன. வண்டி போனதோடு புல்லுக்கட்டுக்காரிகளும், சேணம் தைப்பவரும், லாடக்கார பாயும் போனார்கள். ஆனால் குதிரை போகவில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் தெரியும்; கத்தியவாரி, மார்வாரி, நாட்டு மட்டம் என்று வரிசையாக நிற்கும். ஆசைக்கு வாங்குகிறார்கள், பந்தயத்துக்கு, கல்யாண ஊர்வலத்துக்கு, கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சவாரிக்கு வாங்குகிறார்கள். சவாரி இல்லாத பருவத்தில் ஊட்டித் தெருக்களில் குப்பைத்தொட்டியில் வாய் வைக்கும் மட்டக்குதிரைகளைப் பார்க்காதவர் யார்? குதிரை இருக்கிறது, அதைச் சுற்றியிருந்த கைகள் இல்லை.

நான் ஓய்வுபெற்ற பிறகு என் கொட்டகைக்கு வந்த செம்பழுப்பு நிறப் பெட்டைக்குதிரை அப்படி விடப்பட்டதுதான். பழைய செங்கல் சூளைக்குப் பக்கத்தில், சீமைக்கருவேல மரத்தில் கட்டிக் கிடந்தது. விலா எலும்புகளை எட்ட நின்றே எண்ணிவிடலாம். இடுப்பெலும்பு இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. கயிறு இருந்த இடத்தில் தோலுக்குள் புண். நாலு குளம்புகளும் முன்பக்கம் நீண்டு, பழைய காலத்து ராஜபாட் நாடகச் செருப்பு மாதிரி மேல்நோக்கி வளைந்திருந்தன. முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தபோது, அடிப்பகுதியில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பாகம் கறுத்து அழுகி நாற்றம் எடுத்தது.

ஊர்க்காரர்கள் நல்லவர்கள். செய்தி தெரிந்ததும் வேகவைத்த கொள்ளும் வெல்லமும் கஞ்சியுமாக வந்துவிட்டார்கள். ஒன்றையும் கொடுக்கவிடாமல் நான் தடுத்தேன். பட்டினியில் பல வாரம் கிடந்த குதிரைக்கு மாவுச்சத்து நிறைந்த தீனியைத் திடீரென்று கொடுத்தால் இன்சுலின் சட்டென்று ஏறும். அது இரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸையும் மெக்னீசியத்தையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இதயமும் மூச்சும் தடுமாறும். மீட்டு வந்த முதல் பத்து நாட்களுக்குள் குதிரைகள் சாவது பெரும்பாலும் இதனால்தான். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது போனதுதான். எனவே நான் கொடுத்தது காய்ந்த குதிரைமசால், அதுவும் கைப்பிடி கைப்பிடியாக, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். பக்கத்தில் எப்போதும் தண்ணீர், ஒரு உப்புக்கட்டி. மருத்துவர் வந்து ரண ஜன்னிக்கு ஊசி போட்டார், புண்ணைச் சுத்தம் செய்தார். உடம்பில் கொஞ்சம் தெம்பு வரும்வரை குடற்புழு மருந்தைத் தள்ளி வைத்தோம். கூராகிக் கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்த கடைவாய்ப் பற்களைப் பிறகு அவரே அராவிவிட்டார்.

குளம்புக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் விசாரித்த இடத்திலெல்லாம் மாட்டு லாடம் அடிப்பவர்களே இருந்தார்கள். கடைசியில் பழனியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அங்கே வண்டி ஓடுவதால் அவருடைய தொழிலும் ஓடுகிறது. அவர் முதலில் கருவியை எடுக்கவில்லை. குதிரையின் தோளில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றார். "ஒரே நாள்ல சரி பண்ணக்கூடாதும்மா. நரம்பு அந்தக் கோணலுக்குப் பழகிப்போச்சு. கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறக்கணும்" என்றார். அழுகலை எடுத்தார், நுனியை அளவாகக் குறைத்தார், லாடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்து மீதியைச் சரிசெய்தார்.

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. மேலே மயிர் முடியும் விளிம்பிலிருந்து தரைவரை புதுக் குளம்பு இறங்க ஏறக்குறைய ஓராண்டு ஆகும். சில மாதங்களில் அந்த விளிம்புக்குக் கீழே ஒரு பள்ளக் கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே சொரசொரப்பான, வெடிப்பு விழுந்த பட்டினிக் காலத்துக் குளம்பு. கோட்டுக்கு மேலே வழவழவென்று இறுகிய புதுக் குளம்பு. ஒவ்வொரு முறையும் பெரியவர் அந்தக் கோட்டை விரலால் தடவி, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். கோடு தரையைத் தொட்டு அரத்தோடு போன பருவத்தில் குதிரை வயல் வரப்பில் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது.

ஏழு நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்தக் கதையில் நான் கண்டது ஒன்றுதான். தமிழ்நாட்டில் குதிரைக்குப் பணம் ஒருநாளும் குறையவில்லை. குறைந்தது பழகிய கை. அந்தக் கையை நம்முடைய ஊர்களில் நூறாண்டுக்கு மேல் வைத்திருந்தவர்கள் ஜட்காக்காரர்களும் லாடக்கார பாய்களும். அவர்களை யாரும் வித்தை தெரிந்தவர்கள் என்று எண்ணவில்லை. எனவே அவர்கள் வித்தையை யாரும் எழுதி வைக்கவும் இல்லை. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வதை செய்பவருக்கு முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. லட்ச ரூபாய் கொடுத்துக் குதிரை வாங்குகிறவரை அது அசைக்காது. அபராதத்தை உயர்த்த வேண்டும். அதோடு, மிச்சமிருக்கும் லாடக்காரர்களைக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் ஆசிரியர்களாக அழைத்துச் சம்பளம் கொடுத்து இளைஞர்களைப் பழக்க வேண்டும். சவாரிக் குதிரைக்கு உரிமம் தரும் நகராட்சிகள் ஆறு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு பார்த்த சீட்டைக் கேட்க வேண்டும்.

சந்தையில் குதிரையைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: விலை கேட்கும் முன் உங்கள் ஊருக்கு லாடக்காரர் எங்கிருந்து வருவார் என்று விசாரியுங்கள். வருவதற்கு ஆள் இல்லையென்றால் அந்தக் குதிரையை வாங்காதீர்கள்.