பகைவனை இழந்த காளி

விழுப்புரத்தை அடுத்த காணை வட்டாரத்தில், மாசி மாதத்து மயானக் கொள்ளையின்போது, முகத்தில் வர்ணம் தீட்டிக் காளி வேஷம் பூண்டவர் சுடலைக்குச் செல்ல, அங்கே சூறைவிடப்படும் தானியத்தையும் காசையும் ஜனங்கள் முண்டியடித்துப் பொறுக்கி, விளைச்சலுக்கும் குடும்ப க்ஷேமத்துக்கும் ஆகுமென்று வீட்டுக்கு எடுத்துச் செல்வர். இவ்வாறு அச்சமும் உரிமையும் கலந்து போற்றப்படும் உக்கிர தேவதை, மேல்நாட்டாரின் மாயாஜாலக் கதைகளில் கொடுமையே உருவான பாத்திரமாக ஆனது எவ்விதம் என்பதே நம் விசாரணை.

முதலில் வானூர் வட்டத்துத் திருவக்கரையை நோக்குவோம். அங்கே சந்திரமௌலீசுவரர் ஆலயத்தில் கோயில் கொண்டுள்ள வக்கிரகாளியின் காதில் குண்டலமாகத் தொங்குவது ஒரு சிசுவின் உருவம். அயலான் ஒருவன் திடுக்கிடுவதற்கு அது ஒன்றே போதும். ஆனால் ஸ்தல ஐதிகமோ, வக்கிராசுரனைத் திருமால் வதைத்த பின், அவன் தங்கை துன்முகியை வதைக்க வந்த காளி, அவள் கர்ப்பிணியாயிருந்தமையால் சிசுவை வேறாக எடுத்துக் காதில் அணிந்துகொண்டே அவளை வதைத்தாள் என்று கூறுகிறது. உக்கிரத்தின் உச்சத்திலும் ஒரு தர்மவரம்பு உண்டென்பதும், அவ்வுக்கிரம் ஓர் அசுரப் பகையை நோக்கியது என்பதும், அவள் சந்நிதி சிவாலயத்துக்கு உள்ளேயே அமைந்திருப்பதும் இங்கே கருதத்தக்கவை.

பயங்கரக் கற்பனை தமிழுக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கலிங்கத்துப்பரணியில், செயங்கொண்டார் காளியைப் பேய்க்கணங்களின் நடுவே வீற்றிருக்கச் செய்து, போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு அப்பேய்கள் கூழ் அடுவதைச் சிரிப்பும் அருவருப்பும் ஒருங்கே தோன்றப் பாடினார். பலி நம்மிடம் இருந்ததேயில்லை என்று சாதிப்பதும் நேர்மையன்று. ஆடும் கோழியும் பலியாயின. எனினும் நவகண்டச் சிற்பங்களில் வீரன் அரிவது தன் தலையையே. பிறன் தலையை அன்று.

திரிபு தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். வழிப்பறிக் கொலைஞரான தக்கர்களை ஒடுக்கிய வில்லியம் ஸ்லீமன், அவர்களுடைய குற்றத்துக்குக் காளியின் ஒரு வடிவமான பவானியிடம் கொண்ட பக்தியையே விளக்கமாக முன்வைத்தார். அவருக்கு வாக்குமூலம் அளித்தவர்களுள் முகம்மதியரும் பலர் என்பது அவ்விளக்கத்தை ஐயுறச் செய்திருக்க வேண்டும். மெடோஸ் டெய்லர் 1839-இல் வெளியிட்ட தக்கன் ஒருவனின் வாக்குமூல நாவல் இங்கிலாந்தில் பெரும் புகழ் எய்தியது. அதிலிருந்து தேவி கொலைஞரின் தெய்வமானாள்; அசுரன் நின்ற இடத்தில் அப்பாவி வழிப்போக்கன் நின்றான். 1939-இல் வந்த ‘கங்கா தின்’ திரைப்படம் அந்தச் சித்திரத்தை வெள்ளித்திரைக்குக் கொணர்ந்தது.

1973-இல் வெளிவந்த சிந்துபாத் படம் ஒன்றில் அவள் நிலை இன்னும் தாழ்ந்தது. ரே ஹாரிஹவுசனின் தந்திரக் காட்சியில், ஆறு கரங்களிலும் வாளேந்திய காளி விக்கிரகம் ஒரு மந்திரவாதியின் கட்டளைக்கு ஆடிப் போரிடுகிறது. காட்சி அற்புதமானதே, ஆயினும் ஏவலுக்கு ஆடுவது தெய்வமன்று.

1984-இல் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘டெம்பிள் ஆஃப் டூம்’ படத்துக்கு, கதையில் மாற்றங்கள் கோரிய இந்திய அரசு அனுமதி மறுக்கவே, படப்பிடிப்பு இலங்கையில் கண்டிப் பகுதியில் நடந்தது. அம்ரிஷ் பூரி நடித்த பூசாரி, காளியின் பெயரால் மனிதனின் நெஞ்சிலிருந்து உயிருள்ள இதயத்தைப் பறிக்கிறான். நரபலிக் காட்சியையே பலரும் கண்டித்தனர். என் கருத்தில், அதனினும் பெரிய பிழை வேறு. அப்படத்தில் சிவனுக்குரிய சங்கரக் கற்கள் நன்மைக்கு அடையாளம். கதாநாயகன் இறுதியில் முறையிடுவதும் சிவன் பெயரைச் சொல்லியே. சிவனை நற்பக்கத்திலும் சக்தியைத் தீயபக்கத்திலும் நிறுத்தும் இப்பிரிவினைக்குப் புராணத்தில் ஆதாரமில்லை.

காளியைக் கதைக்கு எடுப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை, செயங்கொண்டாரும் எடுத்தார். எடுப்பவர், அவளுக்கு எதிரே நின்ற அசுரனையும் சேர்த்து எடுக்கட்டும்.